18446744073709551615: நெல்மணிக் கணக்கு பற்றிச் சில கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேர்ந்து வரும் மொத்தம்தான் தலைப்பில் இருக்கிற எண்.

டீச்சர், இதை எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி கமா போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி கோடி.

கடைசிக் கட்டத்தில் மட்டும் எவ்வளவு இருக்கும்?

முந்தைய 63 கட்டங்களிலும் இருப்பதைவிட ஒரு நெல் கூடுதல். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான். அதனால்தான் மொத்தம் 2⁶⁴ − 1 என்று வருகிறது.

இது பகா எண்ணா?

இல்லை. 5இல் முடிகிறது, இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3ஆலும் வகுபடும். முழுதாகப் பிரிக்க அ² − 1 = (அ − 1)(அ + 1) என்ற பள்ளிக்கூடச் சூத்திரமே போதும். திரும்பத் திரும்பப் போட்டால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 கிடைக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கால்குலேட்டர் இல்லாமல் 641ஐச் சரிபார்க்க முடியுமா டீச்சர்?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரிப்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நான்கு முறை பெருக்கினால் 5⁴ × 2²⁸, மீதி 1. இரண்டாம் வரிப்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று போடலாம். போட்டால் −2³², மீதி அதே 1. அப்படியென்றால் 2³² + 1க்கு மீதி 0. 2³² + 1 என்பதுதான் 4294967297. பத்து இலக்க எண், ஒரு நீள வகுத்தல்கூடப் போடவில்லை! கரும்பலகையில் இதை எழுதி முடிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. முதல் ஐந்தோடு 641, 6700417 இரண்டையும் சேர்த்தால் ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை வருகிறது. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்: 2⁷.

கம்ப்யூட்டரில் இந்த எண் ஏன் அடிக்கடி தட்டுப்படுகிறது?

இரும எண்ணாக எழுதினால் 64 ஒன்றுகள். கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத 64 பிட் (0 அல்லது 1 நிற்கும் 64 இடங்கள்) இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். இன்னும் ஒன்றைக் கூட்டினால் 0க்குத் திரும்பிவிடும்.

வடிவியலோடு தொடர்பு உண்டா?

உண்டு. 1796இல் காஸ் என்ற கணித மேதை, அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். நம் பட்டியலின் முதல் ஐந்து பகா எண்களும் அந்த வகைதான், அத்தனை பக்கங்கள் உள்ள பலகோணத்தை அப்படி வரையலாம். ஐந்தையும் பெருக்கினால் வரும் 4294967295 பக்கங்கள் உள்ளதையும் கொள்கையளவில் வரையலாம். ஆனால் 641 பக்கப் பலகோணத்தை வரையவே முடியாது.