கப்பல் வேலைக்குப் போனால் தூக்கமே இருக்காதாமே, தம்பியை அனுப்பலாமா?

தம்பி ஜிபி ரேட்டிங் (கடைநிலை மாலுமிப் பயிற்சி) முடித்துவிட்டு ஏஜென்ட் போனுக்காகக் காத்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். பதினோரு வருஷமாகக் கப்பல்தான், இப்போது ஏபி, அதாவது தேர்ந்த மாலுமி.

சட்டத்தில் தூக்கத்துக்குக் குறையே இல்லைங்க. 2006 சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி குறைந்தது 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு. அந்தப் பத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டாவது 6 மணி இருக்கணும்.

என் இரண்டாவது கப்பல் பல்க் கேரியர், நிலக்கரி, தானியம் மாதிரி சரக்கை அப்படியே கொட்டி ஏற்றிப் போகிற கப்பல். ஆறு மணி நேரம் வாட்ச் (காவல் முறை), ஆறு மணி நேரம் ஓய்வு. சாப்பாடு, குளியல், துணி துவைப்பது எல்லாம் அந்த ஓய்வுக்குள்தான். சரக்கு இறக்கியதும் ஹோல்டு (சரக்கு அறை) கழுவ இறங்கினால் அதுவும் போச்சு. அப்படி ஒருநாள், 20 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்துவிட்டு மூரிங்குக்கு, அதாவது கப்பலைத் துறையில் கயிறு போட்டுக் கட்டுகிற வேலைக்கு நின்றேன். கயிறு இழுக்கும் இயந்திரமான விஞ்சின் டிரம்மில் கயிறு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கண் செருகிவிட்டது. போசன் (மாலுமிகளின் மேஸ்திரி) காலரைப் பிடித்து இழுத்தார். கை தப்பியது, கையுறை கயிற்றோடு டிரம்முக்குப் போய்விட்டது.

மறுநாள் ஓய்வு நேரப் பதிவில் உள்ளபடி போட்டேன். ஓய்வு போதவில்லை என்று கம்ப்யூட்டரில் கட்டம் சிவப்பானது. "பச்சையாகுற வரைக்கும் மாத்து" என்றார் ஆபீசர். மாற்றினேன். 'நீ ஏன் மறுக்கவில்லை' என்று கேட்க வருகிறவர்களுக்கு: அந்த வேலைக்காக ஏஜென்ட் இரண்டு லட்சம் வாங்கியிருந்தான், அம்மா நகை அடகில் கிடந்தது. மாலுமியிடம் வேலைக்குக் காசு வாங்கக்கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

2010இல் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவில் பவளத்திட்டின் மேல் ஏறியது. வாட்சில் இருந்த சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம்தான் என்றது விசாரணை. படித்தபோது எனக்கு அந்தக் கையுறைதான் கண்ணில் நின்றது.

எல்லாக் கப்பலும் அப்படி என்று நான் சொல்லவில்லை. இப்போதைய கேப்டன் மூரிங்குக்கு முன்னால், "யார் தூங்கலை?" என்று கேட்பார். முதல் தடவை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு பையன் கை தூக்கினான்; திட்டாமல் கேபினுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எல்லாரும் உள்ளதைச் சொல்கிறோம்.

லீவில் ஊருக்கு வந்து பகலில் படுத்தால், "டாலர்ல சம்பளம், வந்தா தூக்கம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஒன்பது மாசத் தூக்கம் அது, தயவுசெய்து எழுப்பாதீர்கள்.

தம்பி கையெழுத்துப் போடுமுன் அந்தக் கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். வாட்ச் பார்க்க எத்தனை மேட் (அதிகாரிகள்) இருக்கிறார்கள், ஓய்வுப் பதிவை யார் நிரப்புகிறார்கள், இந்த இரண்டையும் கேட்டால் போதும்.