பார்ட் மாற்றினோம், லினக்ஸ் பூட் ஆகவில்லை: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே ரகம். கணினியில் எதையோ மாற்றினேன், அதற்கப்புறம் லினக்ஸ் பூட் ஆகவில்லை. பாதிப் பேர் 'ஃபார்மேட் பண்ணிடவா?' என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகு வரை வந்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்? இங்கேயும் அதே வேலைதான். பயாஸ் (போர்டின் தொடக்க நிரல்), கிரப் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்), கர்னல் (லினக்ஸின் மையம்), சிஸ்டம்டி (மற்ற எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் நிரல்) என்று வரிசையாக வரும். திரையில் கடைசியாகத் தெரிந்தது என்ன என்று எழுதி வையுங்கள்.

கும்பகோணம், அச்சகம்: அண்ணே, உபுண்டு மெஷினில் பழைய டேட்டா டிஸ்க்கைக் கழற்றினேன். ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு 'எமர்ஜென்சி மோட்' என்கிறது.

அந்த ஒன்றரை நிமிடத்திலேயே விடை இருக்கிறது. பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்தான் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பு. அதில் பழைய டிஸ்க்கின் வரி இன்னும் கிடக்கிறது. சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கிறது. வரவில்லை என்றதும் நின்றுவிடுகிறது. உபுண்டுவில் ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியே இருந்தாலும், அந்தத் திரையில் என்டர் தட்டினால் பெரும்பாலும் உள்ளே போய் எஃப்எஸ்டேப்பைத் திருத்தலாம். முடியாவிட்டால் வேறு வழி உண்டு. உபுண்டு பென் டிரைவை லைவாக (நிறுவாமல், அதிலிருந்தே) ஏற்றி, உங்கள் எஸ்எஸ்டியை மவுன்ட் செய்து (இணைத்து), அதற்குள் இருக்கும் எஃப்எஸ்டேப்பைத் திறங்கள். லைவிலும் அதே பெயரில் ஒரு கோப்பு உண்டு. அவசரத்தில் பலரும் அதைத் திருத்திவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைக்கிறார்கள். டிஸ்க் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்தால் போதும், வரியை அழிக்க வேண்டாம்.

அந்த வரியில் எஸ்டிபி1 (sdb1) என்று எழுதியிருந்ததா? அது நிலையான பெயர் இல்லை. டிஸ்க் கண்ணில் படும் வரிசையைப் பொறுத்து இன்றைக்கு பி, நாளைக்கு ஏ ஆகிவிடும். பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் யூயூஐடியை, அதாவது மாறாத அடையாள எண்ணைப் போடுங்கள். டேட்டா டிஸ்க் வரிகளில் நோஃபெயில் (nofail) என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால், டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் பூட் ஆகிவிடும்.

மன்னார்குடி, பள்ளி ஆய்வகம்: சார், மதர்போர்டு மட்டும்தான் மாற்றினோம். அதே எஸ்எஸ்டி. 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது.

டீச்சர், மாணவர்களின் கோப்புகள் அநேகமாகப் பத்திரமாகவே இருக்கும். யூஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையில் 'லினக்ஸ் இங்கே இருக்கிறது' என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில்தான் இருக்கும். பழைய போர்டோடு அதுவும் போய்விட்டது. முதலில் பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், போர்டு லெகசி (பழைய பயாஸ்) முறையில் இருக்கிறதா என்று பார்த்து யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால், லைவ் பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையிலேயே ஏற்றி, குரூட் (chroot: லைவிலிருந்தே உங்கள் டிஸ்க்கின் லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியாக உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். லெகசியில் ஏற்றினால் அந்தக் குறிப்பை எழுதவே முடியாது.

திருவாரூர், அரிசி ஆலை: கிராபிக்ஸ் கார்டு போட்டேன். பூட் ஆகிறது, நெட் போய்விட்டது.

புதுக் கார்டு வந்ததும் ஸ்லாட் எண்கள் நகர்ந்து, நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும். இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கலாம். ஐபி ஏ (ip a) என்று அடித்து இப்போதைய பெயரைப் பார்த்து, நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) மாற்றுங்கள்.

நாகப்பட்டினம்: ரேம் கூட்டினேன். பீப் சத்தம் மட்டும்தான், திரையில் ஒன்றுமில்லை.

இது லினக்ஸ் வரை வரவே இல்லை, முதல் மதகிலேயே நிற்கிறது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் தொடுமுனை மங்கியிருக்கலாம். அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டக்' என்று கேட்கும் வரை அழுத்திப் பொருத்துங்கள். ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்த்தால் எது தகராறு என்று தெரிந்துவிடும்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: ஃபெடோரா டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினேன் அண்ணா. 'டிராகட் டைம் அவுட்' என்று நிற்கிறது.

தம்பி, ஃபெடோராவின் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு; அதைக் கட்டுவது டிராகட்) பழைய கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் கட்டி வைத்திருக்கும். கிரப் பட்டியலின் கடைசியில் 'ரெஸ்கியூ' என்று ஒரு வரி இருக்கும், அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், டிராகட் கட்டளையை 'ரீஜெனரேட் ஆல்', 'ஃபோர்ஸ்' இரண்டும் சேர்த்து (sudo dracut --regenerate-all --force) ஓட்டு. அடுத்த முறை வழக்கமான வரியிலேயே பூட் ஆகும்.