லோயிஸ் வெபர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மௌனப்படங்கள் பற்றிய உங்கள் உரையைக் கேட்டபின் அமெரிக்க இயக்குநர் லோயிஸ் வெபரின் ‘சஸ்பென்ஸ்’ பார்த்தேன். பத்து நிமிடப் படம், அசந்துவிட்டேன். இப்படிப்பட்டவர் ஏன் காணாமல் போனார்? பேசும்படம் வந்ததாலா, பெண் என்பதாலா?

ர., கோவை

அன்புள்ள ர.,

பேசும்படத்தின் மேல் பழியைப் போடமுடியாது. அது வர ஐந்தாறு வருடம் இருக்கும்போதே அவர் சரிய ஆரம்பித்துவிட்டார்.

1916ல் யுனிவர்சல் ஸ்டூடியோவில் அதிகச் சம்பளம் வாங்கிய இயக்குநர் அவர்தான், ஆண்களையும் சேர்த்து. மறுவருடம் சொந்தக் கம்பெனி. எழுத்தும் இயக்கமும் அவரே, பல படங்களில் நடிப்பும்.

‘சஸ்பென்ஸ்’ என்றால் திரை மூன்றாகப் பிரியும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. வீட்டில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண் மாடி ஜன்னலில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். உள்ளே நுழைய வந்து நேர் கீழே நிற்கும் நாடோடி மெல்ல முகத்தைத் தூக்கி நம்மைப் பார்க்கிறான். 1913ல்!

இளமையில் தெருவில் நின்று பிரசங்கம் செய்தவர். படத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ‘வேர் ஆர் மை சில்ட்ரன்?’ (1916) கருத்தடையை ஆதரிக்கிறது, கருக்கலைப்பைச் சாடுகிறது. ‘தரமானவர்கள்’தான் பிள்ளை பெறவேண்டும் என்கிற அந்தக் காலத்து இனமேம்பாட்டுவாதம் அதில் பச்சையாகவே இருக்கிறது. முன்னோடிப் பெண் என்று கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிரசங்கம் மறந்த இடங்களில்தான் அவர் பெரிய கலைஞர். ‘ஷூஸ்’ (1916) பாருங்கள். கடையில் நாளெல்லாம் நின்று வேலைசெய்யும் பெண். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது, அப்பா படுத்துக்கொண்டு நாவல் படிக்கிறார். ஷூவின் அடி ஓட்டையாகிவிட்டது. இரவில் அட்டையை வெட்டி உள்ளே வைக்கிறாள். மழை வந்தால் அதுவும் போச்சு. கடைசியில் ஒரு ஜோடி ஷூவுக்காகத் தன்னையே விற்கிறாள். வீட்டுக்கு வந்தால், அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

‘தி பிளாட்’ (1921) கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வறுமை. அவர் மனைவி பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிவிட்டு, மனம் பொறுக்காமல் திரும்ப வைத்துவிடுகிறாள். அம்மா எடுத்ததை மகள் பார்க்கிறாள், திரும்ப வைத்ததைப் பார்க்கவில்லை.

ஆனால் முதல் உலகப்போர் முடிந்து ஜாஸ் இசையும் கொண்டாட்டமுமான ‘ஜாஸ் காலம்’ வந்துவிட்டது. ஏழ்மையைக் காசு கொடுத்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அப்புறம், பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களை வளைத்துப்போட்டன. வெளியில் நின்று படம் எடுப்பவருக்கு ஓட்ட இடமில்லை. வங்கிப் பணம் உள்ளே வந்ததும் எழுத ஒருவர், இயக்க ஒருவர், இருவரையும் மேய்க்கத் தயாரிப்பாளர் என்று ஆயிற்று. ஒரே ஆள் எல்லாம் செய்கிற வெபரின் முறைக்கு அங்கே என்ன வேலை?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெபரிடம் உதவியாளராகத் தொடங்கிய பிரான்சிஸ் மேரியன் எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினார். எழுதும் மேசையில் பெண்ணுக்கு இடம் விட்டார்கள், படப்பிடிப்புத் தளத்தில் விடவில்லை. ஆக, பாதிக் காரணம் நீங்கள் சொன்னதுதான்.

வெபரின் ஒரே பேசும்படம் 1934ல் வந்த ‘ஒயிட் ஹீட்’. 1939ல் கையில் காசில்லாமல் இறந்தார்.

‘ஷூஸ்’ பார்ப்பதானால் நெதர்லாந்தில் மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.