ரத்தப் புற்றை டி செல் எப்படி இனம் காண்கிறது?

கேள்வி: ரத்தப் புற்று செல் வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை, நம் எலும்பு மஜ்ஜையிலேயே பிறந்தது. அப்படியிருக்க, டி செல் அதை எப்படிப் பகையென்று கண்டுகொள்கிறது?
- வாசகி, திருச்சி

பதில்: நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுவான டி செல், புற்று செல்லை முழுதாகப் பார்ப்பதே இல்லை. செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எச்.எல்.ஏ. என்ற புரதத்தையும், அதன் பள்ளத்தில் செருகியிருக்கும் துணுக்கையும்தான் பார்க்கிறது. உட்கருவுள்ள செல்கள் தம் உள்ளே இருக்கும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளாக இப்படி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். துணுக்கு பழகியதென்றால் டி செல் நகர்ந்துவிடும். அந்நியமென்றால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் நொதியை உள்ளே செலுத்தி அந்தச் செல்லைச் சாகடிக்கும். துணுக்கு மட்டும் போதாது, எச்.எல்.ஏ.வும் சேர்ந்தால்தான் டி செல்லுக்குப் புரியும் என்பதை 1974-இல் கான்பெராவில் எலிகளை வைத்து நிறுவிய ஜிங்கர்நாகல், டோஹர்டி இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் சந்தேகம் மிகவும் நியாயமானது. சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவற்றைத் தைமஸ் சுரப்பி முன்பே களைந்துவிடுகிறது. ரத்தப் புற்றிலோ மரபணு மாற்றங்கள் குறைவு. அந்நியத் துணுக்குகளும் குறைவு. ஆனாலும் சில கிடைக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்று வகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு என்.பி.எம்.1 மரபணுவின் கடைசிப் பகுதியில் 4 டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருக்கும். மரபணு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், 4 நுழைந்ததும் அதற்குப் பின் எல்லாமே இடம் மாறி, புரதத்தின் வால் வேறாகிவிடும். அந்த வாலிலிருந்து வரும் 9 அமினோ அமிலத் துணுக்கு எச்.எல்.ஏ.-ஏ2 வகைப் பள்ளத்தில் பொருந்தும். ஏ2 இல்லாதவருக்கு இதே துணுக்கு பயன்படாமல் போகலாம். ஒரே நோய், ஒரே மரபணு மாற்றம் இருந்தும் ஆளுக்கு ஆள் எதிர்ப்பு வேறுபட இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அண்ணனின் எச்.எல்.ஏ. முழுதும் பொருந்தியதால் தம்பிக்கு மஜ்ஜை மாற்று செய்தார்கள். எல்லாமே ஒன்றென்றால் அண்ணனின் டி செல் எதைத் தாக்கும்?
- வாசகர், ஈரோடு

பதில்: பள்ளம் ஒன்றுதான், அதில் அமரும் துணுக்குகள் எல்லாம் ஒன்றல்ல. எச்.ஏ.-1 என்ற துணுக்கில் ஒருவருக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு ஆர்ஜினைன் இருக்கும். அந்த ஓர் அமிலமே அண்ணனின் டி செல்லுக்குப் போதும். இந்தப் புரதம் பெரும்பாலும் ரத்தம் சார்ந்த செல்களில்தான் உண்டு என்பதால் தாக்குதலும் அங்கேயே குவியும். எல்லா உறுப்புகளிலும் உள்ள வேறு துணுக்குகளைத் தாக்கினால்தான் தோல், குடல், கல்லீரல் மூன்றும் பாதிக்கப்படும். உள்ளங்கையில் சிவந்த தடிப்பு, நீர் நீராகப் பேதி, கண் மஞ்சளாவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எச்.எல்.ஏ. பாதி மட்டும் பொருந்திய கொடையாளரிடமிருந்து மாற்று செய்தவருக்கு நோய் திரும்பினால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: புற்று செல்லில், பொருந்தாத பாதி எச்.எல்.ஏ. இன்னும் இருக்கிறதா? கொடையாளரின் டி செல் பெரும்பாலும் குறிவைப்பது அந்தப் பாதியைத்தான். எச்.எல்.ஏ. மரபணுக்கள் உள்ள 6-ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியைத் தொலைத்துவிட்டுத் தப்பும் புற்று செல்கள் உண்டு. தொலைத்திருந்தால், அதே கொடையாளரின் டி செல்லை மீண்டும் ஏற்றுவதில் பலன் எதிர்பார்க்க முடியாது. வேறு கொடையாளரைத்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: கார்-டி சிகிச்சைக்கு எச்.எல்.ஏ. பொருத்தம் தேவையா?
- வாசகி, மதுரை

பதில்: நோயாளியின் சொந்த டி செல்லையே எடுத்து, செயற்கை ஏற்பி பொருத்தித் திருப்பி ஏற்றுவதுதான் கார்-டி. அதனால் தேவையில்லை. அந்த ஏற்பி, துணுக்கைத் தேடாமல், எதிர்ப்புப் புரதம் உருவாகக் காரணமான பி செல் என்ற வெள்ளை அணுவின் மேலுள்ள சி.டி.19 புரதத்தை நேராகப் பிடிக்கும். இந்தியாவில் 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19-உம் இந்த வகைதான். நல்ல பி செல்லிலும் சி.டி.19 இருப்பதால் அவையும் அழியும். எதிர்ப்புப் புரதம் குறைந்தால் அதை (இம்யூனோகுளோபுலின்) வெளியிலிருந்து ஏற்ற வேண்டிவரும். சி.டி.19-ஐ இழந்த புற்று செல்கள் தப்பிப் பெருகுவதும் உண்டு. ஆகவே நோய் திரும்பினால் செல்லின் மேலுள்ள புரதங்களைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை செய்து, சி.டி.19 இருக்கிறதா, பி செல்லின் இன்னொரு புரதமான சி.டி.22 இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த மருந்தைத் தீர்மானிப்பார்கள்.