மிரளும் குதிரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் கத்தியவார் இனப் பெண்குதிரை ஒன்றை வாங்கினேன். லாயத்தில் சாதுவாக நிற்கிறது. ஆனால் பைக் சத்தம் கேட்டாலோ, தார்ப்பாய் காற்றில் படபடத்தாலோ மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் கட்டிப்போட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

ஒரு வாசகர், கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டிப்போட வேண்டாம். ஓடித் தப்பியே பிழைத்துவந்த விலங்கு குதிரை. ஓட வழியில்லாமல் கட்டப்பட்டால் அது கயிற்றோடு போராடிக் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்ளும், அல்லது போராடிப் பயனில்லை என்று கண்டு அசையாமல் நின்றுவிடும். இந்த அசையாமையைத்தான் பலர் பயம் தெளிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கி, வாலை இறுக்கி, கண்ணின் வெள்ளை தெரிய நிற்கும் குதிரை அடங்கியிருக்கிறதே தவிர, தெளியவில்லை. அடிப்பதும் உதவாது. மிரளும் குதிரையை அடித்தால், அந்த வலிக்கும் எதிரே இருக்கும் பொருளே காரணம் என்று அது எண்ணிக்கொள்ளும் எனக் கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனோபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். சாட்டைக்காரர்கள் காதில் அது இன்னும் விழவில்லை.

முதலில் கண், பல், முதுகு ஆகியவற்றில் கோளாறு இல்லை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு சவாரியை நிறுத்திவிட்டு, தரையில் நின்றபடி நீளமான பருத்திக் கயிற்றில் பழக்குங்கள். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ள வேண்டாம். குதிரைக்கு நேர் முன்னாலும் பின்னாலும் பார்வை எட்டாத இடங்கள் உண்டு என்பதால் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

தார்ப்பாயை மடித்துத் திறந்த வெளியில் வைத்துவிட்டு, குதிரையை அதை நோக்கி நடத்திச் செல்லுங்கள். ஓரிடத்தில் தலை உயரும், இரண்டு காதுகளும் அதன் பக்கம் குத்திட்டு நிற்கும். அங்கேயே நின்றுவிடுங்கள், கயிறு தளர்வாக இருக்கட்டும். தலை சற்றுத் தாழ்ந்து, நீண்ட மூச்சு ஒன்று வந்து, எதையோ மெல்வதுபோல வாயை அசைக்கத் தொடங்கினால், உடனே திருப்பிச் சில அடி அழைத்து வந்துவிடுங்கள். விலகிச் செல்லக் கிடைக்கும் இந்த விடுதலைதான் அதற்குப் பரிசு. அது வர வேண்டியது குதிரை முரண்டும்போது அல்ல, தளரும்போது. மறுமுறை இன்னும் ஓரடி நெருங்கலாம். இடக்கண்ணால் பார்த்துப் பழகியதை வலப்பக்கமிருந்து கண்டு மீண்டும் மிரளக்கூடும் என்பதால் இரு பக்கமும் நடத்துங்கள்.

பைக்குக்கு வேறு வழி உண்டு. எஞ்சினை அணைத்த வண்டியை ஒருவர் முன்னால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகட்டும். நீங்கள் குதிரையோடு பின்தொடருங்கள். தன்னை நோக்கி வருவதற்கு அஞ்சும் குதிரை, விலகிப் போவதைத் தானே பின்தொடரத் துணியும். அது தானாக எட்டி முகரத் தொடங்கிய பிறகு, தொலைவில் வைத்து எஞ்சினை இயக்கிப் பாருங்கள்.

எத்தனை நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை. அதுவே நல்ல அறிகுறி. தினமும் கால் மணி நேரம் போதும். பைக் கடந்து போகும்போதும் உங்கள் கையில் கயிறு தளர்ந்தே இருக்குமானால், அன்றைக்குச் சேணம் பூட்டலாம்.