அவருக்கு 78, அம்மாவுக்கு 79: முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய குற்றத்துக்கு இப்போது வழக்குப் போடலாமா?

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, 1990 செப்டெம்பரில் என் அப்பாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் ஊருக்குக் கிட்ட இருந்த இராணுவ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு அப்போது 41 வயது. மாமாவை ஒன்பதாம் நாள் அடிகாயங்களோடு விட்டார்கள். அப்பா வரவேயில்லை. கூட்டிப்போன மேஜர் அதற்கு முன் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் தயிர் வாங்கியவர். போன மாதம் பேஸ்புக்கில் ஒரு கலியாணப் படத்தில் அவரைக் கண்டேன். அம்மாவிடம் காட்டினேன். 'இவன்தான், தயிர்ச்சட்டியைத் திருப்பித் தராமல் போனவன்' என்றார். ஓய்வுபெற்றுவிட்டாராம், 78 வயதாம். மகள் லண்டனில், வருடாவருடம் போய்வருகிறாராம். பொலிஸில் கேட்டால் இருபது வருடம் கடந்த கேஸ் என்கிறார்கள். ஊரிலோ, 'வயதுபோன மனுசன், விடு பிள்ளை' என்கிறார்கள். அம்மாவுக்கு 79. இனி ஏதும் செய்யலாமா?"

தங்கச்சி, செய்யலாம். ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

பொலிஸில் சொன்னது பாதி சரி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, பொதுவாகக் குற்றங்களுக்கு இருபது வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது. கடத்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், காயப்படுத்தல் எல்லாம் 2010உடன் அந்தக் கணக்கில் முடிந்துவிட்டன. அதே பிரிவின் முதல் வரியை உங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் எத்தனை வருடம் போனாலும் வழக்குத் தொடரும் உரிமை போகாது என்று அங்கே எழுதியிருக்கிறது.

"உடலே இல்லையே, கொலை என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்பீர்கள். உடல் கிடைக்காததால் மட்டும் கொலை வழக்கு விழுந்துவிடாது. கடைசியாக யார் கையில் இருந்தார், எந்த நிலையில் இருந்தார், அதன்பின் முப்பத்தைந்து வருடம் ஒரு சொல், ஒரு கடிதம் வராதது ஏன் என்பவற்றைச் சந்தர்ப்பச் சான்றுகளாகக் கோர்த்து நிரூபிக்கலாம். கடினம்தான். ஆனால் கடைசியாகக் கண்டவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே உயிரோடு இருக்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு. வலிந்து காணாமலாக்குதல் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் இங்கே குற்றமாக்கப்பட்டது. 1990இல் நடந்ததற்கு அது பொருந்துமா? ஒருவருக்கு என்ன நடந்தது என்று தெரியும்வரை இந்தக் குற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்பது சர்வதேச சட்டத்தின் நிலைப்பாடு. எங்கள் அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை, செய்த நேரத்தில் குற்றமாக இல்லாத ஒன்றுக்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி அப்போதே குற்றமாக இருந்தவற்றுக்கு அந்தத் தடையில்லை என்றும் அங்கேயே சேர்த்திருக்கிறார்கள். இதை வைத்து நான் வாதிடுவேன், வென்றுவிடுவேன் என்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன். கொலைக் குற்றச்சாட்டுதான் நமக்கு உறுதியான தரை.

இனி வயதுக்கு வருகிறேன். குற்றம்சாட்டப்பட்டவருக்கு இத்தனை வயதுக்கு மேல் விசாரணை கூடாது என்று எங்கள் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஜேர்மனியில் நாசி முகாமொன்றின் காவலராக இருந்த யோசெப் ஷூட்ஸை 2022இல் 101 வயதில் குற்றவாளியாகக் கண்டார்கள். உடம்பு தாங்காது என்பதால் ஒரு நாளைக்குச் சில மணிநேரம் மட்டுமே விசாரித்தார்கள், ஆனால் விசாரித்தார்கள். அதே வருடம் ஸ்டுட்ஹோஃப் முகாமின் அலுவலகத்தில் தட்டச்சு செய்த இர்ம்கார்ட் ஃபூர்ஷ்னரை 97 வயதில் குற்றவாளியென்றார்கள். ஒத்திவைக்கப்பட்ட இரண்டு வருடச் சிறைதான். ஆனாலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பில் பதிவாகிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ருவாண்டா இனப்படுகொலைக்குப் பணம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஃபெலிசியன் கபுகா 2020இல் பரிஸுக்கருகே பிடிபட்டார். மறதிநோயால் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று 2023இல் முடிவாகி, வழக்கு தீர்ப்பில்லாமல் நின்றுபோனது. எங்கள் சட்டத்திலும் மனநலம் இல்லாதவரை விசாரிக்க முடியாது. வயது தடையில்லை, புத்தி தடுமாறினால் தடை. 78 வயது என்பதால்தான் அவசரம் என்கிறேன், விட்டுவிடுவதற்கு அது காரணமில்லை.

ஊரில் சொல்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். உங்கள் அப்பா இருந்திருந்தால் இன்று அவருக்கு 76. அவருக்கும் ஒரு முதுமை வந்திருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளின் கலியாணப் படத்தில் அவரும் நின்றிருக்க வேண்டும். ஒருவருடைய முதுமைக்கு இரங்கும்போது பறிபோன மற்றவருடைய முதுமையை மறந்துவிடக் கூடாது.

இனி செய்யவேண்டியவை. முதலாவது, அந்தப் படத்தை மாமாவுக்குக் காட்டாதீர்கள். ஏற்கெனவே படம் பார்த்த சாட்சி அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்டினால், 'படத்தைப் பார்த்துத்தானே சொல்கிறாய்' என்று எதிர்த்தரப்புக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடும். அம்மாவுக்குக் காட்டிவிட்டீர்கள், அதை மறைக்கவும் வேண்டாம். எந்த நாள், யாருடைய ஃபோனில், நீங்கள் பெயர் சொல்ல முந்தியே அம்மா சொன்னாரா, என்ன சொன்னார் என்பதை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தத் தயிர்ச்சட்டிப் பேச்சு எனக்கு மிகவும் பெறுமதியானது. இருட்டில் ஒருமுறை கண்ட முகத்தை அடையாளம் காட்டுவது வேறு, மூன்று மாதம் வாசலில் வந்து நின்றவரைத் தெரியும் என்பது வேறு. பேஸ்புக்கில் பின்னூட்டம் போடவோ படத்தைப் பகிரவோ வேண்டாம். இணைப்பு, திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போதும்.

இரண்டாவது, சாட்சியம். சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சி இறந்துபோனால் அந்தக் கடதாசி வழக்கில் தானாக ஏற்கப்படாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, முந்திய வழக்கொன்றில் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பிருந்த சாட்சியமே பிறகு கைகொடுக்கும். ஆகவே திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது கூட்டிப்போன ஆளை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தக் கேட்கும் மனு போடுவோம், அந்த மேஜரைப் பெயர் குறிப்பிட்டு எதிர்மனுதாரராக்குவோம். அம்மாவும் மாமாவும் கூண்டில் ஏறிச் சொல்லட்டும், அவர் தரப்பு கேள்வி கேட்கட்டும். அப்படிப் பதிவான சாட்சியத்தைப் பின்னாளில் கொலை வழக்கிலும் ஏற்கும்படி கேட்க இடமிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தா என்று தயங்க வேண்டாம். 2009 மேயில் முல்லைத்தீவில் சரணடைந்தவர்களை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்கு உத்தரவிட்டது 2022 டிசம்பரில்தான்.

கூடவே சி.ஐ.டி.யிலும் எழுத்தில் முறைப்பாடு கொடுப்போம். கொலை வழக்கைத் தொடுப்பதா என்பது சட்டமா அதிபரின் கையில். அங்கே இழுபடும் என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள். எங்கள் மாவட்டத்தின் அனுபவத்தை மறைக்க மாட்டேன். 1996 பெப்ரவரியில் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2016இல் அநுராதபுரத்தில் ஜூரிமார் ஆறு இராணுவத்தினரையும் விடுதலை செய்தார்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். கோபம் எனக்கும் உண்டு. அதனால்தான் சாட்சியத்தை முதலில் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

மூன்றாவது, லண்டன் பயணம். உள்நாட்டுப் போர்களில் நடந்த போர்க்குற்றங்களை விசாரிக்கும் பிரித்தானியச் சட்டம், 1991 ஜனவரி 1க்கு முந்தி நடந்தவற்றைத் தொடாது, ஆகவே அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் சித்திரவதைக் குற்றம் அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அரச அதிகாரி எந்த நாட்டில் செய்திருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், அவர் அங்கே போனால் பிடித்து விசாரிக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ்த்தான் ஆப்கானியத் தளபதி சர்தாத்துக்கு 2005இல் லண்டனில் இருபது வருடச் சிறை கிடைத்தது. இங்கே முக்கியமான சாட்சி மாமா. ஒன்பது நாள் அவருக்கு யார், எதனால், எங்கே அடித்தார்கள் என்பதும், உடம்பில் மிஞ்சியிருக்கும் தழும்புகளுக்குச் சட்ட வைத்திய அறிக்கையும் வேண்டும். கோப்பு சரியானதும் லண்டன் பெருநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவுக்கு அங்குள்ள சட்டத்தரணி ஒருவர் மூலம் அனுப்பலாம். மேஜர் விமானம் ஏறும் திகதியை நீங்கள் யாரிடமும் விசாரித்துத் திரிய வேண்டாம்.

பயமாக இருந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சாட்சிப் பாதுகாப்புக் கேட்கலாம். மிரட்டல் வந்தால் அன்றே எனக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, அம்மாவின் அந்தச் சொப்பின் பை. பொலிஸ் முறைப்பாட்டின் நகல், செஞ்சிலுவைக்காரர் தந்த துண்டு, 1994இல் நியமித்த ஆணைக்குழுவில் சொன்னது, பிறகு காணாமல் போனோர் அலுவலகத்தில் பதிந்தது எல்லாம் அதற்குள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றையும் லெமினேட் பண்ண வேண்டாம். மையையும் கடதாசியையும் பின்னால் பரிசோதிக்க முடியாமல் போகும். மடிப்பை விரித்து, வெயில் படாமல், ஒரு பைலில் வையுங்கள். மாமாவுக்குப் போன வருடம் இருதய ஒப்பரேஷன் நடந்தது என்கிறீர்கள். ஆகவே வருகிற சனிக்கிழமை அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, மாமாவைத்தான் முதலில் கூட்டி வாருங்கள்.