நாலு மணித்தியாலம் காருக்குள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் லண்டன் ஹாரோவில் 19 வருடமாக இருக்கிறேன். மகனுக்கு 12 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள ஆங்கிலேயக் கழகம் ஒன்றில் கிரிக்கெட் விளையாடுகிறான். வலைப்பயிற்சியில் அவனை ஆட்டமிழக்கச் செய்ய ஆளில்லை. போட்டி என்றால் மட்டும் எட்டாம், ஒன்பதாம் ஆளாகத்தான் இறக்குகிறார்கள். பயிற்சியாளரின் மகனும் அவன் கூட்டாளிகளும்தான் எப்போதும் தொடக்க ஆட்டக்காரர்கள். கேட்டால் 'பொறுமை வேண்டும்' என்கிறார். இது நிறவெறி இல்லாமல் வேறென்ன? சனிக்கிழமைகளில் நடக்கும் எங்கள் தமிழ்ச் சிறுவர் லீக்கில் (நான்தான் செயலாளர்) இப்படி ஒரு பாகுபாடும் கிடையாது. ஒரு கறுவல் பொடியன்கூட எங்களோடு விளையாடுகிறான், மகனின் வகுப்பு. ஜமேக்கா ஆட்கள் என்று நினைக்கிறேன். நல்ல வேகமாகப் பந்து போடுவான். அவனுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. தாய்தான் காரைவிட்டு இறங்கமாட்டா, நாலு மணித்தியாலமும் உள்ளேயே இருப்பா, அது அவவின் சுபாவம். அந்த ஆங்கிலேயக் கழகத்தின்மேல் எங்கே, எப்படி முறையிடுவது? இல்லை, மகனை முழுதாக எங்கள் லீக்குக்கே கொண்டுவந்துவிடட்டா?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. கிரிக்கெட் இல்லாவிட்டால் உதைபந்து, அதுவும் இல்லாவிட்டால் நீச்சல். ஆகவே நீங்கள் கேட்டதற்கு முதலில் பதிலைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அது சின்ன வேலை.

கழகத்தின் ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். போன பருவம் முழுவதும் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனையாம் ஆளாக இறங்கினான், எத்தனை பந்து சந்தித்தான், எத்தனை ஓவர் போட்டான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மகனுக்கு மட்டும் எழுதினால் அது தகப்பனின் புலம்பல். எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதினால் அது கணக்கு. பயிற்சியாளரின் மகன் முதலாம் ஆளாக இறங்குவது நிறவெறியா, பிள்ளைப்பாசமா, இரண்டும் கலந்ததா என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று கழகத்தில் ஓர் அலுவலர் இருப்பார். தாளை அவரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் அசையாவிட்டால் கவுண்டிக் கிரிக்கெட் சபைக்குப் போங்கள். மைதானத்தில் பிள்ளையின் முன்னால் நின்று கத்தாதீர்கள்.

நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் சமத்துவம் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த சுயாதீன ஆணைக்குழு 2023 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. 4,000க்கும் அதிகமானவர்கள் அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள். பாகிஸ்தான், வங்காளதேச வழிவந்தவர்களில் 87 வீதம், இந்திய வழிவந்தவர்களில் 82 வீதம், கறுப்பினத்தவர்களில் 75 வீதம் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாகச் சொன்னார்கள். முறைப்பாட்டோடு அதையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் மூன்றாவது எண்ணை இன்னொருதரம் வாசித்துவிட்டு ஒட்டுங்கள்.

சரி, இப்போது அந்தக் காருக்கு வருவோம்.

நாலு மணித்தியாலம். ஒரு தாய், சனிக்கிழமை விடிய எழும்பி, பிள்ளையின் வெள்ளை உடுப்பை மினுக்கி, மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் இருக்கிறார். பிள்ளை விக்கெட் எடுத்தால் யாரோடு சேர்ந்து கைதட்டுவார்? ஸ்டியரிங்கோடா? நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், நேரத்தைக்கூடக் கணக்கிட்டிருக்கிறீர்கள். கணக்கிட்டபிறகு 'அது அவவின் சுபாவம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். யார் சொன்னது சுபாவம் என்று? போய்க் கேட்டீர்களா? எந்த நாட்டு ஆட்கள் என்பதையே 'நினைக்கிறேன்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பருவம் முழுக்க உங்கள் லீக்குக்கு வேகப்பந்து போட்ட பிள்ளையின் தாயோடு செயலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் அந்த 'நினைக்கிறேன்'.

உங்கள் மைதானத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட மைதானங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கார்களின் டிக்கிகள் திறந்திருக்கும். ஒன்றில் ரோல்ஸ், ஒன்றில் கடலை வடை, ஒன்றில் பெரிய பிளாஸ்கில் பால் தேத்தண்ணி. மடக்குக் கதிரைகள் ஊர்வாரியாக வட்டம் போட்டிருக்கும். ஒரு வட்டத்துக்காரர் அடுத்த வட்டத்தில் போய் உட்கார்வதற்கே ஒரு கலியாண உறவு வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவிப்பெல்லாம் தமிழ். அதற்குள் ஒரு கறுப்பினப் பெண் தனியாக வந்து இறங்கினால் என்ன நடக்கும்? யாரும் வைய மாட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. கதை ஒரு நொடி நிற்கும். இரண்டு பேர் சிரிப்பார்கள், ஒருவர் தலையசைப்பார். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும், அவர் நின்றுகொண்டே இருப்பார். முதல் சனிக்கிழமை பத்து நிமிடம் நின்றிருப்பார். இரண்டாவது சனிக்கிழமை ஐந்து. அதற்குப் பிறகு கார்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அப்படி நின்றவள். 1987இல் என் மூத்தவன் உதைபந்து விளையாடப் போனபோது, தேத்தண்ணி மேசையைச் சுற்றி நின்ற தாய்மார்களுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது. நான் தள்ளுவண்டிலில் இருந்த சின்னவளின் போர்வையை இழுத்துவிடுவதுபோல ஒரு மணித்தியாலம் பாசாங்கு செய்வேன். போர்வை ஒன்றுதான், எத்தனை தடவை இழுப்பது? நாலாவது கிழமை ஒரு பெண் பிளாஸ்கோடு வந்து பக்கத்தில் நின்றார். கோல் காக்கும் பொடியனின் தாய், பார்படோஸ்காரி. "உன் பிள்ளை பஸ்ஸை விட்டவன் மாதிரி ஓடுகிறான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். இஞ்சி போட்ட தேத்தண்ணி. பருவம் முடியும்வரை எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்.

மீதியையும் சொல்கிறேன், மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கண்டுவிட்டு 'கறுவலோடு என்ன கதை?' என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு நாளும் மிதிக்கவில்லை, நான் கூப்பிடவில்லை. அவருடைய தேத்தண்ணியை ஒரு பருவம் குடித்துவிட்டு நான் செய்தது அது. ஆகவே நான் உங்களை ஏசும்போது மேட்டில் நின்று ஏசுவதாக நினைக்காதீர்கள்.

'கறுவல்' என்ற அந்தச் சொல்லை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், பேனா தடுமாறவே இல்லை. உங்களுக்கு அது வசவாகத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் உப்பு, புளி மாதிரிப் புழங்கும் சொல். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு பருவம் முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகளோடு நிற்கிறவன். 'ஓடு', 'எறி', 'பிடி' எல்லாம் இப்போது அவனுக்கு விளங்கும். தன்னைக் காட்டி எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பது மட்டும் விளங்காமலா இருக்கும்? வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்காமலா இருந்திருப்பான்?

'ஒரு குறையும் வைக்கவில்லை' என்றீர்கள். பல்வாங்கர் பாலுவுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தலித் குடும்பத்தில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1890களில் பூனாவில் வெள்ளைக்காரக் கழகத்தின் வலையில் மணிக்கணக்காகப் பந்து போட்டார், துடுப்பை அவர் கையில் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. பிறகு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரரை வெல்ல அவர் வேண்டுமே. மைதானத்துக்குள் எல்லோரும் தொட்ட அதே பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே போவார்கள், அவருக்கு வெளியே மண் குவளையில் தேநீர், குடித்ததும் உடைத்துப் போட. 1911இல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவருக்கு அணித்தலைமை மட்டும் கிடைக்கவே இல்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

பூனா தூரம் என்றால் ஊருக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் சாதியின் பேரில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தனிப் பேணி வைத்திருந்தது என் தாய் தகப்பன் கண்ட காலம். 1960களின் கடைசியில் அந்தக் கடைகளுக்குள் போய் உட்காருவதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை மூட்டை கட்டிக்கொண்டுதான் நாங்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கினோம். பேணி இப்போது இல்லை, கார் இருக்கிறது.

அந்தப் பிள்ளை உங்கள் லீக்கில் எத்தனையாம் ஆளாக இறங்குகிறான்? நீங்கள் எழுதவில்லை. 'நல்ல வேகமாகப் பந்து போடுவான்' என்பதோடு முடித்துவிட்டீர்கள். ஒரு போட்டிக்காவது தலைவனாக நின்றானா? செயலாளரின் மகன் எத்தனையாம் ஆள்? அதையும் நீங்கள் எழுதவில்லை, எனக்கு ஊகிக்க முடிகிறது. ஆங்கிலேயக் கழகத்துக்குத் தயாரிக்கப் போகிற அந்தத் தாளை முதலில் உங்கள் சொந்த லீக்குக்குத் தயாரியுங்கள்.

பிரித்தானியச் சட்டத்தைக் காட்டி யாராவது தைரியம் சொல்வார்கள். தமிழர் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைக்கலாம், 2010 சமத்துவச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. தோலின் நிறத்தை வைத்து ஒருவரை விலக்குவதைத்தான் தடுக்கிறது. காருக்குள் இருக்கும் தாயைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அது உங்கள் வேலை.

விளையாட்டு என்பது குடும்பத்தோடு சேர்ந்தது என்று நம்புகிறவள் நான். பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொண்டு தாயை வாசலில் விடுவதற்குப் பெயர் கூலிக்கு ஆள் பிடிப்பது. ட்ரினிடாட்டிலிருந்து லியரி கான்ஸ்டன்டைன் என்ற கறுப்பினக் கிரிக்கெட் வீரர் 1929இல் லங்காஷயரின் நெல்சன் என்ற நெசவாலைப் பட்டினத்துக்கு விளையாட வந்தார். சிறுவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். வசவுக் கடிதங்களும் வந்தன. முதல் பருவத்தோடு போய்விடலாமா என்று யோசித்தவரை, ஒப்பந்தத்தை முடித்துவிட்டே போவோம் என்று நிறுத்தியவர் மனைவி நோர்மா. அக்கம்பக்கம் மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கியது. அவர் ஆடிய ஒன்பது பருவத்தில் நெல்சன் கழகம் ஏழு தடவை லீக்கை வென்றது, குடும்பம் இருபது வருடம் அங்கேயே இருந்தது. 1969இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அதில் நெல்சனின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். நோர்மாவை ஒரு காருக்குள் இருக்க விட்டிருந்தால் நெல்சனுக்கு அந்தக் கிண்ணங்களில் எத்தனை கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தின் தொழில்முறைக் கிரிக்கெட்டில் கறுப்பின பிரித்தானிய வீரர்களின் எண்ணிக்கை 2020க்கு முந்திய 25 வருடத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் 2020இல் சரே கவுண்டிக் கிரிக்கெட் கழகம் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தாய் தன் மகனைத் தமிழ் லீக்குக்குக் கூட்டிவருகிறார். எங்களை நம்பித்தானே?

மகனை முழுதாக உங்கள் லீக்குக்குக் கொண்டுவராதீர்கள். அப்பா செயலாளராக இருக்கும் இடத்தில்தான் நீதி கிடைக்கும் என்று 12 வயதில் படித்துக்கொண்டால் பிறகு அதை மறக்கடிக்க முடியாது. இரண்டு இடத்திலும் விளையாடட்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நீங்கள் நிற்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி ஒருவர் சனிக்கிழமை இங்கே நிற்கிறார் என்பதை அவனுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வருகிற சனிக்கிழமை கார் வந்து நின்றதும் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டில் இரண்டு ரோல்ஸை வைத்துக் கார்க் கண்ணாடியால் நீட்டிவிட்டு வராதீர்கள், அதுதான் அந்த மண் குவளை. கதிரை ஒன்றைக் கொண்டுபோய், உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, வந்து இருங்கள் என்று கூப்பிடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எல்லாம் தமிழில் என்றால் இல்லாத மாதிரித்தான். போட்டி அட்டவணையையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலும் போடுங்கள். ஸ்கோர் எழுதுவதற்கு உங்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு இருக்கும், எந்த லீக்கிலும் அப்படித்தான். விருப்பமா என்று கேளுங்கள். அந்த மேசையில் இருக்கிறவருக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்தாக வேண்டும், எல்லாப் பெற்றோரும் அங்கே வந்து எட்டிப் பார்த்தாக வேண்டும். கூட்டாளி பிடிக்க அதைவிட நல்ல இடம் மைதானத்தில் இல்லை.

முதல் நாள் மறுத்துவிடலாம். ஒரு பருவம் காருக்குள் இருந்தவர் நீங்கள் கூப்பிட்ட உடனே சிரித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த கிழமையும் போங்கள்.

அப்புறம், தேத்தண்ணி கொடுக்கும்போது சீனி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் ஆட்கள் கேளாமலே மூன்று கரண்டி போட்டுவிடுவார்கள்.